மதுரைக்கு ஏழு நாள்: மொரப்பூரில் போட்ட கணக்கு

மொரப்பூரில் ரயிலுக்குப் பஞ்சமில்லை. ராத்திரி பகல் பார்க்காமல் வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும். பல வண்டிகள் நிற்காது, சத்தம் மட்டும் கொடுத்துவிட்டுப் போகும், அது வேறு விஷயம். ஆனாலும் இந்த ஊரில் "டூர்" என்று யாராவது சொன்னால் பல பேருக்கு நினைவுக்கு வருவது ரயில் இல்லை, வேன். விடிகாலையில் வாசலில் வந்து நிற்கும். பின்பக்கம் சாப்பாட்டுக் குண்டானும் அரிசி மூட்டையும் ஏறும். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினால், அடுத்த சில நாட்களில் தமிழ்நாட்டின் தென்கோடி வரை தொட்டுவிட்டு வந்துவிடுவார்கள். திரும்பி வந்தவர்களிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் பாத்தாச்சு" என்பார்கள். எதைப் பார்த்தீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள்.

ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தில் இப்படி ஒரு டூருக்குத் திட்டம் போட்டதில் பெரிய வாக்குவாதமே நடந்தது. வீட்டில் மொத்தம் ஐந்து பேர். உரக்கடையில் கணக்கு எழுதும் அப்பா, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கும் அம்மா, பிளஸ் ஒன் படிக்கும் பெண், எட்டாவது படிக்கும் பையன், எழுபதைத் தாண்டிய ஆயா. பணம் அம்மாவுடையது. ஜாக்கெட் தைத்து, அதில் மிச்சம் பிடித்துப் போட்ட ஏலச்சீட்டு முடிந்து கைக்கு வந்ததில் 30,000 ரூபாயை ஒதுக்கி வைத்துவிட்டார். குடும்பமாக ஒரு வாரம் வெளியூர் போவது அவர்களுக்கு இதுதான் முதல் தடவை. அடுத்த தடவை எப்போது என்று யாருக்கும் தெரியாது. உரக்கடை முதலாளி ஒரு வாரம் லீவு கொடுத்ததே அதிசயம்.

அப்பாவின் திட்டம் வழக்கமான வேன் திட்டம்தான். இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக்கொள்வது, வாடகையைப் பகிர்ந்துகொள்வது. மொரப்பூரிலிருந்து மதுரை, அங்கிருந்து ராமேஸ்வரம், கன்னியாகுமரி, திரும்பும் வழியில் கொடைக்கானல், அப்புறம் வீடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிளஸ் ஒன் பெண் கணக்குப் போட்டாள். மதுரைக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் 170. ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரி 300-க்கு மேல். அங்கிருந்து கொடைக்கானலுக்கு 350 அளவில். கொடைக்கானலிலிருந்து வீட்டுக்கு இன்னொரு 300 சொச்சம். கூட்டினால் 1,400-க்குக் குறையாது. மலைப்பாதை, டீ நிறுத்தம் எல்லாம் சேர்த்து மணிக்கு 50 கிலோமீட்டர் என்று தாராளமாக வைத்தால்கூட 28 மணி நேரம் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதாவது ஏழு நாளில் முழுசாக இரண்டு பகலுக்கு மேல் வேனுக்குள்ளேயே போய்விடும். ஆயாவின் முழங்கால் 28 மணி நேரம் மடங்கியே இருந்தால் எட்டாம் நாள் அவர் எழுந்து நிற்பாரா என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

அம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. இந்தத் தடவை பேசினார். "ஏங்க, ஒரே ஊருக்குப் போலாம். ஏழு நாளும் அங்கயே இருக்கலாம்."

"ஒரு ஊர்ல ஏழு நாள் என்ன பண்றது?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ தவிர ஓர் ஊரில் ஏழு நாள் தங்கிப் பழக்கமில்லாத குடும்பங்களில் எல்லாம் இந்தக் கேள்வி வரும்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். போய்வரும் செலவு என்பது நிலையான செலவு. மதுரையில் இரண்டு நாள் இருந்தாலும் ஏழு நாள் இருந்தாலும் டிக்கெட் விலை ஒன்றுதான். நாட்கள் கூடக் கூட ஒரு நாளுக்கு விழும் பங்கு குறையும். வேன் திட்டத்தில் அது தலைகீழ்: ஒவ்வொரு நாளும் டீசலுக்குப் புதிதாகப் பணம். அதோடு வாய்ப்புச் செலவு என்று பாடப்புத்தகத்தில் ஒன்று வருமே, அதுவும் இங்கே இருக்கிறது. கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்க்க ஓடும் அந்த ஒரு நாளுக்கு விலை, மதுரையில் நிதானமாக இருந்திருக்கக்கூடிய ஒரு நாள். வேன்காரர் கொடுக்கும் பில்லில் அது வராது.

ஏன் மதுரை? தஞ்சாவூர் இல்லையா, காஞ்சிபுரம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ஒரே ஊரில் அறை எடுத்து, தினமும் டவுன் பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்துக்குள் 2,000 வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் அடுக்கடுக்காகக் கிடைக்கிற ஊர் மதுரை மாதிரி தமிழ்நாட்டில் இன்னொன்று இருக்கிறதா என்பது சந்தேகமே. தஞ்சாவூர்க்காரர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும்.

போவது எப்படி என்பதில்தான் மொரப்பூருக்கே உரிய ஒரு தலைவலி இருக்கிறது. இந்த ஊர் ஜோலார்பேட்டை - சேலம் பாதையில் இருக்கிறது. 1860-களின் தொடக்கத்திலேயே இந்தப் பக்கம் ரயில் வந்துவிட்டது. ஆனால் இங்கே நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் சென்னைக்கும் ஈரோடு, கோவை பக்கத்துக்கும் போகிறவை. மதுரைக்கு வசதியான இரவு வண்டிகள், அதாவது பெங்களூர் வழியாக நாகர்கோவிலுக்கும் தூத்துக்குடிக்கும் போகிறவை, ஓசூர், தருமபுரி வழியாக சேலத்துக்குப் போகின்றன. தருமபுரி இவர்களுடைய மாவட்டத் தலைநகர், பஸ் ஏறினால் போய்விடலாம். ரயிலில் போக முடியாது. இரண்டு ஊரிலும் ஸ்டேஷன் இருக்கிறது, நடுவில் தண்டவாளம் இல்லை!

ஒரு காலத்தில் இருந்தது. 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலக் குறுகிய பாதை போட்டார்கள். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டு சேர்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் போட்ட பாதை. 1913-இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் மூடிவிட்டார்கள், தண்டவாளத்தையும் பெயர்த்துக் கொண்டு போய்விட்டார்கள். மறுபடி இணைக்க வேண்டும் என்று பல வருஷம் கேட்டு, 2019-இல்தான் புதிய அகலப்பாதைக்கு அடிக்கல் வைத்தார்கள். ஆயாவின் அம்மா சின்ன வயதில் அந்தக் குட்டி ரயிலில் தருமபுரி சந்தைக்குப் போயிருக்கிறாராம். கொள்ளுப்பாட்டிக்குக் கிடைத்த ரயில் கொள்ளுப்பேரனுக்கு இல்லை. முன்னேற்றம் என்பதற்கு இது வினோதமான உதாரணம்.

இன்னொன்றும் இருக்கிறது. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு நேர்ப்பாதை 2013-இல்தான் திறந்தார்கள். அதற்கு முன்னால் சேலத்திலிருந்து மதுரை போகும் ரயில் ஈரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால்தான் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மதுரை என்றதும் "அது ரொம்ப தூரம்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பழைய தூரம்.

கடைசியில் தீர்மானமானது இது: சனிக்கிழமை சாயங்காலமே பஸ்ஸில் தருமபுரி போய், அங்கே ராத்திரி வண்டி பிடித்து, ஞாயிறு காலையில் மதுரை. திரும்பும்போது அடுத்த சனிக்கிழமை பகல் பஸ்ஸில் சேலம், அங்கிருந்து மொரப்பூர். மதுரையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் சேலம் பக்கம் வரும் வண்டிகள் கிடைக்கும். மாட்டுத்தாவணிக்குப் போய் நின்றுகொண்டு தேடக்கூடாது. வெளியூர்க்காரர்கள் அங்கே போய்த்தான் குழம்புவார்கள்.

எப்போது போவது? அப்பாவுக்குச் சித்திரைத் திருவிழா பார்க்க ஆசை. மீனாட்சி கல்யாணம், தேர், பௌர்ணமியன்று அழகர் வைகையில் இறங்குவது என்று வரிசையாக இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் மதுரையில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, வெயிலோ கேட்கவே வேண்டாம். ஐந்து பேரில் ஒருவர் முழங்கால்காரர், ஒருவர் எட்டாம் வகுப்புப் பையன். லட்சக்கணக்கான கூட்டத்தில் இந்த இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலையாக இருக்கும். தைத் தெப்பம் அழகு, ஆனால் பள்ளிக்கூடம் இருக்கும். தெப்பத்தன்று சுவாமியும் அம்மனும் தெப்பக்குளத்துக்குப் போய்விடுவதால் கோயில் நடை சாத்தியிருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளாமல் போய் வாசலில் நிற்பவர்கள் உண்டு. டிசம்பர் விடுமுறையில் சபரிமலைக்குப் போகும் சாமிமார்கள் கூட்டம். ஆக மிச்சம் காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பம். வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஆரம்பித்திருக்காது. நவராத்திரியும் சேர்ந்து வந்தால் மீனாட்சி கோயிலில் கொலு பார்க்கலாம்.

ஒரே ஒரு சிக்கல். அந்த ரயில்கள் எல்லாம் பெங்களூர் பக்கத்திலிருந்து வருகிறவை. ஆயுத பூஜை லீவுக்கு அங்கே வேலை செய்யும் தென்மாவட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே வண்டியில் ஊருக்குப் போவார்கள். தருமபுரியில் ஏறுகிறவருக்கு மிச்சம் என்ன இருக்கும்? 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு, அதற்கு முன்பு 120 நாள் இருந்தது. ஆக, அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். எட்டரைக்கு உட்கார்ந்தால் ஆயாவுக்குக் கீழ் பெர்த் கிடைக்காது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியபோது, ஆயா ஒரு தடவைகூட அதைப் பயன்படுத்தியிருக்கவில்லை.

தங்குவது ரயில்வே ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவில், மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம். அங்கே லாட்ஜுகள் அதிகம், நடந்தே கோயிலுக்குப் போகலாம். இந்தப் பெருமாள் மேஸ்திரி யார் என்று பெண் தேடிப் பார்த்தாள். மதுரையைச் சுற்றி ஒரு கோட்டை மதில் இருந்தது, அதைச் சுற்றி அகழி. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அதை இடித்துத் தள்ள ஏற்பாடு செய்தார். அந்த வேலையை நடத்திய மாரட் பெயரில் மாரட் வீதி, மேஸ்திரியாக இருந்த பெருமாள் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. கலெக்டருக்கு ஞாபகார்த்தமாக ஒரு விளக்குத்தூண் வைத்தார்கள். இன்றைக்கு விளக்குத்தூண் என்றால் ஜிகர்தண்டா ஞாபகத்துக்கு வரும், கலெக்டர் வரமாட்டார். ஊரெல்லாம் ராஜாக்கள் பெயர் இருக்க, ஒரு மேஸ்திரி பெயரில் நான்கு திசையிலும் வீதி இருப்பது மதுரையில் பார்க்க வேண்டிய விஷயங்களில் ஒன்று. எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இது வருவதில்லை.

வீதிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். கோயிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியாக மதில் இருந்த இடத்தில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம். சித்திரையில் ஓடும் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? முன்பு மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்தது, அழகர் விழாவோடு சேர்க்க வேண்டும் என்று திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்று சொல்வார்கள். இந்தச் சதுரம் ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் மதுரையில் வழி தப்பவே முடியாது. பையனிடம் ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொன்னார்கள். அந்தத் தாள்தான் இவர்களுடைய வரைபடம்.

இத்தனையும் பேசிக்கொண்டிருந்தபோது ஆயா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ராத்திரி பேத்தி பக்கத்தில் படுக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"அவ்ளோ பெரிய கோயிலு. நம்மள உள்ள விடுவாங்களா?"

பேத்திக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. ஆயா பிறந்து வளர்ந்த ஊரில் ஒரு கோயில் இருந்தது. அதன் வாசலுக்கு இந்தப் பக்கம், தெருவில் நின்று கும்பிட்டுத்தான் அவருக்குப் பழக்கம். அவருடைய அம்மாவுக்கும் அப்படித்தான். மொரப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், பெரிய கோபுரத்தைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும்.

அடுத்த நாள் பேத்தி பள்ளிக்கூட லைப்ரரியில் தேடிக்கொண்டு வந்து சொன்னாள். 1939 ஜூலை 8. மதுரையில் வக்கீலாக இருந்த வைத்தியநாத ஐயர், அதுவரை கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதவர்களில் சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். அவர்களில் ஒருவர் மேலூர் பக்கம் தும்பைப்பட்டியைச் சேர்ந்த கக்கன், பின்னால் தமிழ்நாட்டின் மந்திரியாக இருந்தவர். எதிர்ப்பு பலமாக இருந்தது. அதே வருஷம் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டமும் வந்தது. அதற்கு முன்னால் மதுரைக்குப் பல தடவை வந்தும் இந்தக் கோயிலுக்குள் போகாத காந்தி, 1946-இல் உள்ளே போனார்.

"அப்ப நான் பொறக்கறதுக்கு முன்னாடியே விட்டுட்டாங்களா?" என்றார் ஆயா. பேத்தி ஆமாம் என்றாள். ஆயா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "எங்களுக்கு யாரும் சொல்லலியே" என்றார்.

அதுவரை முதல் நாள் என்ன பார்ப்பது என்பதில் நான்கு கருத்துகள் இருந்தன. அன்றைக்கு ஒரே கருத்தாகிவிட்டது.

இனி நாட்கள். இவர்கள் செய்த நல்ல காரியம், இடங்களை எழுதுவதற்கு முன்னால் நேரத்தை எழுதியதுதான். கோயில் மத்தியானம் பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். இது தெரியாமல் பதினொன்றரைக்குப் போய் வரிசையில் நின்று, வெறுங்காலோடு சூடான கல்லில் குதித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் தினமும் உண்டு. எனவே: காலை ஆறு மணிக்கு வெளியே, பதினொன்றரைக்கு அறை, சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் நாலரைக்கு மறுபடி வெளியே. ஏழு நாளும் இதே. "டூருக்குப் போயி தூங்கறதா?" என்று அப்பா கேட்டார். தூங்காவிட்டால் மூன்றாம் நாள் எல்லோரும் எல்லோரோடும் சண்டை போடுவார்கள் என்று அம்மா சொன்னதற்கு அவரிடம் பதில் இல்லை.

கோயிலுக்கு ஒரே நாள் போதாது. முதல் நாள் சாயங்காலம் சாமி கும்பிட மட்டும். வேறொரு நாள் காலையில் சிற்பங்களுக்கும் ஆயிரங்கால் மண்டபத்துக்கும் (எண்ணினால் 985 தூண்தான்). 2018 பிப்ரவரி 2 அன்று கிழக்கு கோபுரத்தை ஒட்டிய வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை. ஐந்து பேரும் போனை வெளியே கொடுத்துவிட்டுப் போனால், உள்ளே தொலைந்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது? பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொள்வது, மற்றவர்கள் வரும் வரை எழுந்திருக்கக் கூடாது. பையனுக்கு இது மூன்று தடவை சொல்லப்பட்டது. திருப்பணி நடக்கும் காலமாக இருந்தால் கோபுரங்களைச் சாரம் மூடியிருக்கும், அதையும் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

கிழக்கு கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது. வெகுகாலம் தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் உள்ளேயே இருந்தன. நாயக்கர் சிலைக்குப் பக்கத்தில் மெஷின் ஓடும். அந்தக் கடைகளைச் சில வருஷங்களுக்கு முன் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான். ஆனால் தையல்காரர் என்ற முறையில் அம்மா பார்க்க ஆசைப்பட்ட காட்சி அது. இப்போது அவர் சத்திரத்துக்குப் போய்ப் பார்ப்பதாக இருக்கிறது.

நாயக்கர் மகாலுக்கு ஒரு சாயங்காலம். 1636 வாக்கில் கட்டியது, இன்று நிற்பது அதில் ஒரு பகுதிதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனது போக, மிச்சமும் சிதைந்து கிடந்தது. 1860-களின் கடைசியில் மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர்தான் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். அதுவும் இல்லாவிட்டால் சினிமாக்காரர்களுக்கு அரண்மனை செட் செலவு கூடியிருக்கும்.

காந்தி விஷயத்துக்கு ஒரு காலை. மேலமாசி வீதியில் ஒரு வீட்டின் மாடி, 1921 செப்டம்பர் 22. காந்தி அரையாடைக்கு மாறியது அங்கேதான். பிறகு தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி மியூசியம், 1959-இல் நேரு திறந்தது. சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. இரண்டையும் ஒரே காலையில் பார்த்தால், ஒரு துணியின் ஆரம்பமும் முடிவும் ஒரே ஊரில் இருப்பது தெரியும்.

பையனுக்கு ஒரு சொந்த ஆசை இருந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் அவனுக்குப் பக்கத்து ஊர்க்காரர். தகடூர் என்பதுதான் இன்றைய தருமபுரி. அந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் தமிழ் பிராமி எழுத்தில் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் பாறையில் இருக்கிறது, 1981-இல் கண்டுபிடித்தார்கள். மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்தில் இதே வகை எழுத்தில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. பாண்டியனின் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்றான். ஆனால் அது மலை ஏற வேண்டிய இடம், ஆள் நடமாட்டம் குறைவு, பஸ்ஸும் யோசிக்க வேண்டியது. ஆயா ஏற முடியாது. இதில்தான் திட்டம் கொஞ்சம் வலித்தது. மாங்குளத்தை அடித்துவிட்டார்கள். பதிலாகக் கீழடி. மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர் அளவு, 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், மலை ஏற வேண்டியதில்லை. அங்கே பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று அதே எழுத்தில் பெயர்கள் கீறியிருக்கின்றன. ராஜா பெயர் இல்லை, பானை வைத்திருந்தவர்கள் பெயர். பையன் அரை மனதோடு சம்மதித்தான். வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு போவது அவன் பொறுப்பு.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கு இன்னொரு காலை. அங்கே ஒரு வசதி: அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். ஆயா நிழலில் உட்கார்ந்திருக்கலாம், மற்றவர்கள் படியேறி ஆயிரம் வருஷத்துக்கு முந்திய தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துவிட்டு இறங்கலாம். அழகர்கோயிலுக்கு ஒரு முழு நாள், திருப்பரங்குன்றத்துக்கு ஒரு சாயங்காலம். யானைமலை நரசிங்கம் (கி.பி. 770-இல் குடைந்த குகைக்கோயில்) நேரம் இருந்தால்.

வியாழக்கிழமைக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை. அப்பா அந்த வெற்றிடத்தைப் பார்த்து மூன்று தடவை எதையாவது எழுதப் போனார். அம்மா அழித்துவிட்டார். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகலாம், மழை வரலாம், பிடித்த இடத்துக்கு மறுபடி போகத் தோன்றலாம். ஒன்றுமில்லாவிட்டால் காலையில் பூ மார்க்கெட், மத்தியானம் கறி தோசை, சாயங்காலம் தெப்பக்குளக் கரை.

பணக் கணக்கு அம்மாவின் கையெழுத்தில் தையல் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஆறு ராத்திரிக்கு அறை 9,000. சாப்பாடு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் சுமார் 9,000. ரயில், பஸ், ஆட்டோ எல்லாம் 5,000. இது போதுமா என்று அப்பாவுக்குச் சந்தேகம். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஐந்து பேரில் மூன்று பேருக்குச் செலவே இல்லை என்று பெண் காட்டியதும் அடங்கினார். நுழைவுக் கட்டணம், அர்ச்சனை, ஜிகர்தண்டா, பருத்திப்பால் 2,000. அவசரத்துக்கு 3,000, அதைத் தொடக்கூடாது. மிச்சம் 2,000.

அந்த இரண்டாயிரத்துக்கு நேராக முதலில் எதுவும் எழுதியிருக்கவில்லை. என்ன அது என்று கேட்டதற்குத்தான் அம்மா சொன்னார். சுங்குடிச் சேலை. மதுரையில் சௌராஷ்டிரர்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சேலை, 2005-இல் புவிசார் குறியீடு வாங்கியது. ஊரில் எத்தனையோ பேருடைய சுங்குடிச் சேலைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருக்கிறார். சொந்தமாக ஒன்று இல்லை.

"ஒண்ணா ரெண்டா?" என்றார் அப்பா.

"அத்தைக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

நோட்டில் அப்படியே எழுதப்பட்டது. முன்பதிவு திறக்கும் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறார்கள். அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு போனில் சார்ஜ் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் பொறுப்பு.